பீரோவில் கிடக்கும் கல்யாணக் கேசட்டை டிஸ்க்கில் ஏற்ற: ஆரணி வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஆரணி, சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் பக்கத்து நெசவு வீடுகள் பலவற்றில் முகூர்த்தப் பட்டு இருக்கும் பீரோவில்தான் கல்யாணக் கேசட்டும் இருக்கிறது. "எங்க கண்ணாலக் கேசட்டு பத்திரமாத்தான் இருக்குது, போட்டுப் பாக்கத்தான் டெக்கு இல்ல" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். புது டெக் இனி வரப்போவதில்லை. உலகத்திலேயே கடைசியாக அதைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. எழுதக்கூடிய ப்ளூ-ரே தகடு தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. காலி சிடி, டிவிடி இன்னும் கிடைக்கின்றன, யுஎஸ்பியில் மாட்டும் ரைட்டரும் கிடைக்கிறது. இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

முழுத் தரத்தோடு ஒரு மூலப் பிரதி ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும். டிஸ்க், வீட்டுப் பெரியவர்கள் டிவியில் போட்டுப் பார்ப்பதற்கும், யாரும் தெரியாமல் அழித்துவிட முடியாத இன்னொரு பிரதியாக இருப்பதற்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் கேசட்டும் போய், டிஸ்க்கும் போய்விடுகிறது.

1. முதலில் வீட்டில் இருப்பதை எல்லாம் ஓரிடத்தில் எடுத்துவைத்து வரிசைப்படுத்துங்கள். விஹெச்எஸ், மினி டிவி போன்ற காந்த நாடாக்கள் முதல் வரிசை. வீட்டிலோ ஸ்டுடியோவிலோ பர்ன் செய்த சிடி, டிவிடி இரண்டாவது. கடையில் வாங்கிய படத் தகடுகள் கடைசி, அவசரமே இல்லை. செல்போனில் இருப்பதைத் தனியாக எழுதிவையுங்கள்.

2. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அதை டெக்கில் போடவே கூடாது. நாடா அறுந்துபோகலாம், அந்தப் பொடி டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.

3. விஹெச்எஸ் கேசட்டின் முதுகு ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் காது இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேலே எதுவும் பதிவாகாது. ஆடியோ கேசட்டில் இப்படி இரண்டு காது, பக்கத்துக்கு ஒன்று. வேலையைத் தொடங்கும் முன் செய்யவேண்டியது இது. யாராவது கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் தாலி கட்டும் காட்சி தப்பிக்கும்.

4. பட்டுப் புடவைக்குப் போடும் அந்துருண்டை டிஸ்க்குக்கு ஆகாது. சிடி வைக்கும் கண்ணாடி போன்ற கெட்டி டப்பா பாலிஸ்டைரீனால் ஆனது. அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் அந்தப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். டப்பா பிசுபிசுத்து, உள்ளே இருக்கும் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஜரிகைக்கும் அது நல்லதில்லை என்று பட்டுக் கடைக்காரர்களே சொல்வார்கள். புடவைக்கு வேப்பிலை போதும். டிஸ்க்கை வேறு தட்டுக்கு மாற்றுங்கள்.

5. வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மூன்று பொருள் போதும்: ஓடுகிற நிலையில் ஒரு டெக், மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி கேபிள், 'ஈஸிகேப்' என்று கடையில் கேட்டால் தருகிற யுஎஸ்பி கேப்சர் கருவி. ஆரணியில் கிடைக்காவிட்டால் வேலூரில் கேட்கலாம், சென்னை ரிச்சி தெருவில் கட்டாயம் கிடைக்கும். கேப்சர் சாஃப்ட்வேரில் முதலில் பார்க்க வேண்டியது, 'பால்' முறை தேர்வாகியிருக்கிறதா என்பது. இந்தியாவில் எடுத்த கேசட் பால் முறையில்தான் இருக்கும்: 720-க்கு 576 புள்ளி, விநாடிக்கு 25 படம். பல கருவிகள் அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் செட் ஆகி வரும். மாற்றாமல் எடுத்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது உருளும். கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

6. பல வருஷம் ஓடாத நாடா சுருளில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பதிவைத் தொடங்கும் முன் கடைசிவரை ஃபார்வர்டு செய்து, மறுபடி முதல்வரை ரீவைண்டு செய்யுங்கள். அதன் பிறகு ஓடவிட்டால் படம் ஆடுவது குறையும். மூன்று மணி நேரக் கேசட்டைப் பதிய மூன்று மணி நேரம் ஆகும், இதில் குறுக்குவழி கிடையாது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் வேறு வேலை பார்க்காதீர்கள்.

7. டெக்கிலிருந்து நேராக டிவிடியில் பதிந்து தரும் மெஷின்கள் இருக்கின்றன. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்த டிஸ்க் கெட்டால் மறுபடி கேசட்டைத்தான் தேட வேண்டும். முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஃபைலாக எடுங்கள். எம்பெக்-2 முறையில் விநாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3.6 ஜிபி ஆகும். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பெரிய குடும்பத்தின் எல்லாக் கல்யாணமும், சீமந்தமும், காதுகுத்தும் அடங்கிவிடும்.

8. ஆடியோ கேசட்டுக்கு டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்தோ லைன் அவுட்டிலிருந்தோ 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ கேபிள் போட்டு, கம்ப்யூட்டரின் லைன்-இன் துளையில் மாட்டுங்கள். நீல நிறத் துளைதான் லைன்-இன். இளஞ்சிவப்பு மைக்குக்கானது, அதில் மாட்டினால் சத்தம் கரகரக்கும். லேப்டாப்பில் லைன்-இன் இருக்காது, ஒரு சின்ன யுஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவுக்கு ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டுத் தொடங்கினால், மந்தமாகக் கேட்ட குரல் தெளிந்துவிடும். பல பேர் கேசட்டைக் குறை சொல்வார்கள், குறை ஹெட்டில் இருக்கும்.

9. சத்த அளவை எங்கே வைப்பது? கல்யாணக் கேசட்டாக இருந்தால் கெட்டிமேளம் கொட்டும் இடத்துக்கு ஓட்டிப்போய், அங்கே அளவுமானி சிவப்பைத் தொடாதபடி வையுங்கள். மைனஸ் 6 டெசிபல் வரை போனால் சரி. புரோகிதர் மெதுவாக மந்திரம் சொல்லும் இடத்தை வைத்து அளவைக் கூட்டிவிட்டால், கெட்டிமேளத்தில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து வரும்போது ஒலியின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு எந்த சாஃப்ட்வேராலும் முழுதாகத் திருப்ப முடியாது. மெதுவான பகுதியைப் பின்னால் தாராளமாகக் கூட்டிக்கொள்ளலாம்.

10. ஆடியோவை முதலில் வேவ் ஃபைலாகச் சேமியுங்கள். சிடி தரம் என்றால் விநாடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், இரண்டு சேனல். இதில் ஒரு மணி நேரம் 635 எம்பி வரும். அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். முதலிலேயே எம்பி3 ஆக்கிவிட்டு, பிறகு அதை ஆடியோ சிடியாக மாற்றினால் போன தரம் திரும்பி வராது.

11. ஒரு டிஸ்க்கில் பாட்டோ படமோ ஏற்றினால் எல்லா பிளேயரிலும் ஓடும் என்ற எண்ணம்தான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. டிஸ்க்கில் எழுத மூன்று முறை உண்டு.

டேட்டா டிஸ்க் என்பது ஃபைலை அப்படியே நகல் எடுப்பது. எம்பி4 ஃபைலை டிவிடியில் இழுத்துப் போட்டு பர்ன் செய்தால் கம்ப்யூட்டரில் ஓடும். தாத்தா வீட்டு டிவிடி பிளேயர் 'டிஸ்க் எரர்' என்று சொல்லிவிடும், ஏனென்றால் பழைய பிளேயர்களுக்கு எம்பி4-க்குள் இருக்கும் ஹெச்.264 முறை தெரியாது. முன்பக்கத்தில் டிவ்எக்ஸ் முத்திரை போட்ட பிளேயர்கள் ஏவிஐ ஃபைல் சிலவற்றை ஓட்டும், அவ்வளவுதான்.

ஆடியோ சிடி என்பது 1982-இல் பிலிப்ஸும் சோனியும் சந்தைக்குக் கொண்டுவந்த பழைய முறை. எந்த சிடி பிளேயரிலும் ஓடும், ஆனால் 80 நிமிஷத்துக்கு மேல் ஏறாது. எம்பி3 ஃபைலைக் கொடுத்தாலும் பர்ன் செய்யும் சாஃப்ட்வேரே அதை விரித்து எழுதிக்கொள்ளும்.

டிவிடி வீடியோ என்பது மூன்றாவது முறை. படம் எம்பெக்-2 ஆகவும், ஒலி 48,000 மாதிரியில் ஏசி3, பிசிஎம் போன்ற முறையிலும் மாறி, 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டருக்குள் 1 ஜிபிக்கு மிகாத விஓபி துண்டுகளாக உட்கார வேண்டும். இந்த வேலைக்கு ஆத்தரிங் என்று பெயர். டிவியில் பார்க்கும் டிஸ்க் வேண்டுமென்றால் இதைத்தான் செய்ய வேண்டும். ஸ்டுடியோவில் கொடுத்தாலும், "டிவிடி பிளேயர்ல ஓடுற மாதிரி டிவிடி வீடியோவா போட்டுக் கொடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

12. எம்பி3 ஓட்டக்கூடிய பிளேயராக இருந்தால் 700 எம்பி சிடியில் 128 கிலோபிட் தரத்தில் ஏறத்தாழ 12 மணி நேரப் பாட்டு ஏறும். தறியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கேட்கிறவர்களுக்கு இதுவே வசதி. நாதஸ்வரம், முகவீணை போன்ற கூர்மையான ஒலிகளுக்கு 128 போதாது, 192-க்குக் குறையாமல் வையுங்கள்.

13. சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. கம்ப்யூட்டர் அதை 4.38 என்று காட்டும். கணக்கிடும் முறை வேறு, கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஒரு டிஸ்க்கில் ஒரு மணி நேரம் ஏற்றினால் படம் மிக நன்றாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் கிடைக்கும், பழைய கேசட்டுக்கு அது போதும். மூன்று மணி நேரம் என்றால் மூன்றரைக்கு இறங்கிவிடும், அங்கே கட்டம் கட்டமாக உடையத் தொடங்கும். காலி டிஸ்க் ஒன்றை மிச்சப்படுத்த நினைத்துக் கல்யாணம் முழுவதையும் ஒரே டிஸ்க்கில் திணிக்க வேண்டாம்.

14. ஆரணிக் கல்யாணத்தில் மணப்பெண்ணும் சுற்றியிருக்கும் சொந்தபந்தமும் கட்டியிருப்பது கட்டம் போட்ட பட்டு, ஜரிகைப் பேட்டு, உடல் முழுக்கப் புட்டா. வீடியோவைச் சுருக்கும் முறைகளுக்கு இதைவிடக் கடினமான காட்சி இல்லை. அவை முந்தைய படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கின்றன. அசையாத சுவருக்கு எழுத ஒன்றும் இருக்காது. மினுங்கும் ஜரிகைக்கு ஒவ்வொரு படத்திலும் புதிதாக எழுத வேண்டியிருக்கும். தாலி ஏறும் நேரத்தில் ஓமப் புகை, பறக்கும் அட்சதை, கேமரா ஃபிளாஷ், அசையும் பட்டு எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. வீட்டார் மறுபடி மறுபடி பார்க்கப்போகும் அந்த அரை நிமிஷத்தில்தான் முகம் கட்டம் கட்டமாக உடையும்.

இதற்கு வழி உண்டு. பிட்ரேட்டை மாறும் அளவில், அதாவது விபிஆர் முறையில், வையுங்கள். 'டூ பாஸ்' என்ற வாய்ப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சாஃப்ட்வேர் முதல் தடவை முழுப் படத்தையும் பார்த்துக் கடினமான இடங்களைக் குறித்துக்கொள்ளும், இரண்டாம் தடவை அந்த இடங்களுக்கு அதிக இடம் ஒதுக்கி எழுதும். நேரம் இரண்டு மடங்கு ஆகும். சாப்பாட்டுப் பந்தி, மேடையில் பரிசு கொடுக்கும் வரிசை இவற்றைத் தனி டிஸ்க்கில் போட்டு, முகூர்த்தத்துக்கு ஒரு டிஸ்க்கை முழுதாகக் கொடுப்பது இன்னும் நல்லது.

விஹெச்எஸ்ஸில் அரக்குச் சிவப்புப் பட்டின் நிறம் புடவைக் கரையைத் தாண்டி வழிந்து தெரியும். அந்த நாடாவில் நிறத்துக்கு ஒதுக்கிய இடமே குறைவு, அதனால் வருவது அது. மாற்றும்போது நிறத்தைக் கூட்டினால் வழிவது அதிகமாகும், சற்றே குறைத்துவையுங்கள்.

15. நம் பக்கத்தில் கல்யாணக் கேசட்டுக்கு அடுத்தபடியாகக் கிடைப்பது கூத்துக் கேசட். திரௌபதி அம்மன் கோயில் அக்கினி வசந்த விழாவில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தை எத்தனையோ ஊரில் வீடியோ எடுத்துவைத்திருக்கிறார்கள். செய்யாறு பக்கத்துப் புரிசை, கூத்துக்கென்றே உலகம் அறிந்த ஊர். அங்கே நடேசத் தம்பிரானும் கண்ணப்பத் தம்பிரானும் ஆடிய மரபு இன்றும் தொடர்கிறது. இப்படி உள்ள வட்டாரத்தில் ஊர்க் கூத்துப் பதிவு என்பது ஒரு வீட்டுச் சொத்து மட்டும் இல்லை. எட்டு மணி நேரக் கூத்துக்கு நான்கு டிவிடி வையுங்கள். நேரம் பார்த்து நடுவில் வெட்டாமல், கட்டியங்காரன் வரும் இடத்திலோ வேஷம் மாறும் இடத்திலோ பிரியுங்கள். எந்த ஊர், எந்த வருஷம், எந்த ஜமா, யார் என்ன வேஷம் என்பதைத் தெரிந்த பெரியவரிடம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, அதே டிஸ்க்கில் சேர்த்துவிடுங்கள். படம் மிஞ்சிப் பெயர் மறைந்துவிட்ட கூத்துகள் நிறைய இருக்கின்றன.

16. செல்போனில் எடுத்தது 4கே தரமாக இருந்தாலும் டிவிடியில் 576 வரிதான் நிற்கும். ஆகவே போன் ஃபைலை அழித்துவிட்டு டிஸ்க்கை மட்டும் வைத்துக்கொள்ளும் தவறைச் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை டிஸ்க்கில் ஏற்றுவதும் வீண், அனுப்பும்போதே அது சுருங்கிவிடுகிறது. எடுத்தவரின் போனிலிருந்து கேபிள் போட்டு வாங்குங்கள், அல்லது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

17. பழைய கேசட் படத்தின் அளவு 4-க்கு 3. இன்றைய டிவி 16-க்கு 9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. டிவி நிறைய வேண்டும் என்று இழுத்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்துத் தெரிவார்கள்.

18. டேட்டா டிஸ்க்கிலும் பென் டிரைவிலும் ஃபைல் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்தால் பழைய பிளேயர்கள் வெறும் கட்டமாகக் காட்டும். ஆங்கில எழுத்தில் சுருக்கமாக, முன்னால் 01, 02 என்று எண் போட்டு வையுங்கள். ஒன்றை 1 என்றும் பத்தை 10 என்றும் எழுதினால் சில பிளேயர்கள் ஒன்றுக்கு அடுத்துப் பத்தைப் பாடும். தமிழ்ப் பெயர்கள் அட்டையில் இருக்கட்டும்.

19. சாஃப்ட்வேருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. டிவிடி ஆத்தரிங் செய்யவும் தலைப்புப் பக்கம் போடவும் டிவிடிஸ்டைலர், பர்ன் செய்ய இம்க்பர்ன், ஆடியோ சிடிக்கு விண்டோஸ் மீடியா பிளேயர் லெகசி, லினக்ஸில் கே3பி அல்லது பிரசேரோ. ஹேண்ட்பிரேக் என்பது டிஸ்க்கில் இருப்பதை ஃபைலாக மாற்றுவது, அதைக் கொண்டு டிவிடி செய்ய முடியாது. எதையும் அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

20. காலி டிவிடியில் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு வகை. பழைய பிளேயர்களில் மைனஸ் ஆர்தான் அதிகம் ஒத்துப்போகும். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ தகட்டைக் குடும்பப் பதிவுக்கு வாங்க வேண்டாம். கிரேட்டர் நொய்டாவில் தகடு தயாரித்துக்கொண்டிருந்த மோசர் பேயர் ஒரு காலத்தில் தமிழ்ப் பட விசிடியை 28 ரூபாய்க்குத் தந்து வீட்டுக்கு வீடு டிஸ்க் சேர்த்த நிறுவனம். 2018-இல் அது கலைப்புக்குப் போனது. இப்போது கடைகளில் இருப்பதில் பழைய சரக்கும் கலந்திருக்கும். கண்ணாடி அலமாரியில் வெயில் பட்டு நிற்கும் கட்டைத் தொடாதீர்கள், உள்ளே மூடிவைத்திருக்கும் பெட்டியிலிருந்து கேட்டு வாங்குங்கள்.

21. வெயிலைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. படக் கடையில் வாங்கும் தகட்டில் குழிகள் தொழிற்சாலை அச்சிலேயே அழுத்தப்பட்டவை. நாம் எழுதும் தகட்டில் இருப்பது ஒரு சாயப் பூச்சு. லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுப் புள்ளி வைக்கிறது. பட்டுக்குச் சாயம் முக்குகிறவர்கள் நூலை நிழலில் உலர்த்துவது போல, இந்தச் சாயத்தையும் வெயிலிலிருந்து காக்க வேண்டும். ஜன்னல் ஓரம், கார் டேஷ்போர்டு, டிவி மேல் தட்டு மூன்றும் கூடாது.

22. பர்ன் செய்யும்போது ரைட்டரைத் தரையில், ஓடும் தறிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். டிவிடியில் தடங்களுக்கு இடையில் உள்ள இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர். பலகை அடிக்கும் அதிர்வு தரை வழியாக வரும். நூல் தூசு லென்ஸில் படிவது அதைவிடக் கெடுதல். உள்ளறையில் ஆடாத மேஜை மேல் வையுங்கள். மின்சாரம் போனால் பாதியில் நின்ற டிஸ்க் வீண்தான். பேட்டரி நிறைந்த லேப்டாப்பில் செய்யுங்கள், ஸ்லீப் போகாதபடி மாற்றிவையுங்கள்.

23. வேகம்: 16எக்ஸ் என்று போட்ட டிவிடியில் 8எக்ஸ் வையுங்கள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். உச்ச வேகத்தில் மிச்சமாவது சில நிமிஷம், கெடுவது தகட்டின் வெளி ஓரம். அங்கேதான் படத்தின் கடைசிப் பகுதி இருக்கும்.

24. 'ஃபைனலைஸ்' அல்லது 'க்ளோஸ் டிஸ்க்' என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள். மூடாத டிஸ்க் எழுதிய கம்ப்யூட்டரில் ஓடும், பிளேயரில் ஓடாது.

25. பர்ன் முடிந்ததும் 'வெரிஃபை' கொடுங்கள். பிறகு யாருக்காகச் செய்தீர்களோ அவர் வீட்டு பிளேயரில் போட்டு, முதல் ஐந்து நிமிஷமும் கடைசி ஐந்து நிமிஷமும் பாருங்கள். எழுதிய டிரைவிலேயே பார்ப்பது சோதனை ஆகாது.

26. தகட்டின் மேல் பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டினால் சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயும், பசை காய்ந்து ஓரம் தூக்கும். பால்பாயின்ட் பேனாவும் கூடாது. சிடியில் எழுதப்பட்ட அடுக்கு மேல்பக்கத்தில்தான், மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல் ஆபத்து. டிவிடியில் அது இரண்டு தகட்டுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் பத்திரம். தண்ணீரில் கரையும் மார்க்கரால் நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில் எழுதுங்கள்.

27. துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. துவைத்துப் பழசான பருத்தித் துணி நல்லது. வீட்டில் வெட்டுத் துணியாகக் கிடக்கும் பட்டு மென்மைதான், ஆனால் ஒரே ஒரு ஜரிகை இழை இருந்தாலும் கீறிவிடும்.

28. பழைய விசிடியில் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டருக்குள் டிஏடி என்று முடியும் ஃபைல் இருக்கும். அதுதான் படம். விஎல்சி பிளேயரில் நேராக ஓடும், அதிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். விசிடியின் படமே 352-க்கு 288 புள்ளிதான், பெரிதாக்கினால் தெளிவு கூடாது. ஓரிடத்தில் நின்றுபோகும் டிஸ்க்கை நாலைந்து டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும். கீறலுக்குப் பற்பசை தேய்க்கும் வைத்தியம் கடைசிக் கட்டத்துக்கு மட்டும், அதுவும் நகல் எடுக்கும் முயற்சிகள் எல்லாம் முடிந்த பிறகு.

29. நெசவு வீடுகளுக்கு என்று ஒரு குறிப்பு. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் டிசைன்கள் முன்பு கிராஃப் தாளிலும் ஜக்கார்டு அட்டையிலும் இருந்தன. இப்போது பலரிடம் கம்ப்யூட்டர் ஃபைலாக, பெரும்பாலும் பிஎம்பி வடிவில் இருக்கின்றன. அவற்றை ஜேபெக் ஆக மாற்றிச் சேமிக்காதீர்கள். ஜேபெக் இடத்தைக் குறைக்கும்போது கட்டங்களின் ஓரத்தில் இல்லாத நிறங்களைச் சேர்த்துவிடும், அட்டை வெட்டும்போது துளை தவறும். பிஎம்பியாகவே டேட்டா டிஸ்க்கில் எழுதி, டிஸ்க்கை மூடிவிடுங்கள். மூடிய டிஸ்க்கை வைரஸ் அழிக்காது, பென் டிரைவில் அந்த உத்தரவாதம் கிடையாது. பழைய பார்டர், பேட்டு டிசைன் தாள்களையும் ஸ்கேன் செய்து கூடவே சேருங்கள். தாத்தா போட்ட ஒரு பார்டரை யாராவது மறுபடி கேட்டு வரும் நாளில் அது தொழிலுக்கே உதவும்.

30. வீட்டுக் கேசட்டை மாற்றுவது உங்கள் உரிமை. சினிமா டிஸ்க்கை நகல் எடுத்து விற்பது குற்றம். தமிழ்நாட்டில் 2004-இல் குண்டர் சட்டத்திலேயே திருட்டு வீடியோ சேர்க்கப்பட்டது. கல்யாணப் படத்தில் பின்னணியாகச் சினிமாப் பாட்டு போட்டிருந்தால் யூடியூபில் ஏற்றும்போது ஒலி முடக்கப்படலாம். அதனால் பின்னணி சேர்ப்பதற்கு முந்தைய, மேளமும் மந்திரமும் சொந்தக் குரல்களும் உள்ள ஒலியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் போன பிறகு அந்தக் குரல்தான் வேண்டியிருக்கும்.

31. ஸ்டுடியோவில் கொடுப்பதாக இருந்தால் நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள்: கேசட் திரும்ப வரும், டிவிடியோடு மூல ஃபைலும் பென் டிரைவில் வரும், எதையும் வெட்ட மாட்டார்கள், ஓரத்தில் கடைப் பெயரைப் பதிக்க மாட்டார்கள். கேசட்டில் யார் வீட்டு விசேஷம், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

32. மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருள், ஒன்று வேறு ஊரில். ஒரு ஹார்ட் டிஸ்க் ஆரணியில், டிவிடி செட் ஒன்று வீட்டில், இன்னொரு ஹார்ட் டிஸ்க்கோ டிவிடி செட்டோ சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பிள்ளைகளிடம். தகடுகளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, தடுமாறும் டிஸ்க்கைப் புதிதாக எழுதுங்கள். ஹார்ட் டிஸ்க்கையும் அப்போது ஒருமுறை ஓட்டிவிடுங்கள். மாற்றி முடித்த கேசட்டையும் தூக்கிப்போட வேண்டாம்.

தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஸ்டுடியோக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம்தான் இந்த வேலைக்கு ஏற்றது. படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்க ஊரிலிருந்து பிள்ளைகள் வருவதும் அப்போதுதான். வந்தவர்களை ஒரு நாள் கூடுதலாக இருக்கச் சொல்லி, பீரோவிலிருந்து கேசட்டை எடுத்து முதல் வேலையாகப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.